நடக்கிற ஜோடி

தம்பிக்கு, அப்பா எழுதுவது.

நீ ரங்கூனிலிருந்து கால்நடையாக வந்துகொண்டிருந்த மாதங்களில் நான் ஒரு ருஷ்யக்கார அம்மாளிடம் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டேன். நீ வீடு வந்து சேர்ந்ததற்கும் அந்தப் பின்னலுக்கும் சம்பந்தம் உண்டு. தூக்கத்தில் உன் வாயிலிருந்து வருகிற பாஷைக்கும் சம்பந்தம் உண்டு. இதையெல்லாம் சொல்லாமல் வருகிற தை மாதம் உன்னை மணவறையில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தை ஒட்டாமல்தான் தருகிறேன். நீ படித்துவிட்டுக் குரும்பலூருக்கு, பெண் வீட்டுக்கு அனுப்பிவிடு. அந்தப் பெண்ணும் படிக்கட்டும், அவள் அப்பாவும் படிக்கட்டும். குறையை மறைத்து விற்ற சரக்கு எப்படியும் கடை வாசலுக்குத் திரும்பி வந்து நிற்கும். கல்யாணத்துக்கு முன்னால் வந்தால் அது பேச்சோடு போகும், பின்னால் வந்தால் குடும்பத்தைக் கொண்டுபோகும்.

நான் பேய் பிசாசு பேசுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ ஓடைக்கரைப் புளியமரத்துக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழியாகப் போய்வந்தாய். நான் ஒரு சாக்கை உன் கையில் கொடுத்து அதே மரத்தடிக்கு அழைத்துப் போய்ப் பழம் பொறுக்க வைத்தேன். பொறுக்கியதைச் சந்தையில் விற்று உனக்கு ஒரு சட்டைத்துணி எடுத்தேன். “பேய்க்கிட்ட வாங்குன சட்டைடா”ன்னு உன் அம்மா சிரித்தாள். தலையில் தகரப்பெட்டி சுமந்து ஊர் ஊராய் ஊசியும் நூலும் விற்று, அரியலூர் கடைத்தெருவில் ஒரு கதவு போட்ட கடை வைத்தவன் நான். கண்ணால் பார்க்காத சரக்குக்கு விலை சொல்லமாட்டேன். கீழே எழுதுவதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு உன் கடிதம் நின்றுபோயிற்று. நீ வேலை பார்த்த அரிசி ஆலையை மூடிவிட்டார்கள், ஜனங்கள் மலை வழியாக நடந்து வருகிறார்கள், பாதிப் பேர் வழியிலேயே கிடக்கிறார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். உன் அம்மா ஸ்டேஷனே கதி என்று ஆகிவிட்டாள். எந்த வண்டி வந்தாலும் கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்து பார்ப்பாள். நான் கடையில் உட்கார்ந்து பொத்தானை நிறம் பிரித்துக்கொண்டிருப்பேன். ஆம்பிளைக்கு அழ ஒரு வேலை வேண்டும்.

அப்போதுதான் வீராம்மா கடைக்கு வந்தாள். அவள் பேர் வேரா. ஊர்வாயில் வீராம்மா ஆகிவிட்டது. அவள் புருஷன் கல் ஆராய்ச்சி செய்கிற இஞ்சினியர். ஒரு காலத்தில் நம் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லைப் பார்க்க வந்தவர், ரெட்டிபாளையம் போகிற வழியில் கல் வெட்டிய பள்ளத்தின் ஓரமாக ஒரு ஓட்டு வீடு கட்டினார். பிறகு பர்மாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். குண்டு விழுந்ததும் பெண்பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்களே, அதில் வந்தவள் அவள். இந்த உலகத்தில் அவளுக்கு மிஞ்சிய கூரை அந்த ஓட்டு வீடுதான். மகன் மீஷா பின்னால் வருவதாகச் சொல்லித் தங்கிவிட்டான். உன் வயதுதான் அவனுக்கும்.

ரங்கூனில் வேலைக்காரர்களிடம் கற்ற தமிழ் அவளுக்கு வந்தது. எல்லாரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கடை வைத்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“கடைக்கார், வெள்ளை நூல் குடு. மெல்லிசு. முறுக்கு நெறைய இருக்கணும்.”

“சண்டைக் காலத்துல இது கெடைச்சதே பெரிய விசயம்மா. எதுக்கு நூலு?”

பையிலிருந்து ஒரு பின்னலை எடுத்து என் கல்லாமேல் விரித்தாள். சுண்டுவிரல் அகல நாடா ஒன்று எங்கேயும் அறுபடாமல் வளைந்து வளைந்து போய்த் தன்மேலேயே ஒட்டிக்கொண்டு பூவாகவும் நத்தையாகவும் விரிந்திருந்தது. எனக்கு உடனே வியாபாரம்தான் தோன்றியது. சீமையிலிருந்து லேஸ் வருவது நின்று போயிருந்தது. திருச்சியில் ரவிக்கைக்கும் பாவாடைக்கும் கேட்டுக் கேட்டு அலைகிறார்கள். “நாலு பொம்பளைப் புள்ளைங்கள அனுப்பறேன், கத்துக் குடுங்க”ன்னேன். அவள் தன் கையைக் காட்டினாள். மூட்டெல்லாம் வீங்கி மஞ்சள்கிழங்கு மாதிரி இருந்தது. பிறகு என்னையே பார்த்துச் சொன்னாள்.

“உன் பொஞ்சாதி ஸ்டேஷன்ல நிக்குது, நான் பாத்தேன். உன் மகனும் ரங்கூன். நாலு பேர் வேணாம். நீ வா.”

போனேன். அந்த வீட்டின் ஜன்னல் விளிம்பு, அலமாரி, தண்ணீர்ப்பானை மூடி எங்கும் பள்ளத்தில் பொறுக்கிய கல் நத்தைகள். நம் நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம், இவையெல்லாம் அதில் ஊர்ந்தவையாம். நட்டநடுப் பகலில்கூட அங்கே நிழல் ஈரமாக இருக்கும். நடுவீட்டில் மர முக்காலிமேல் உருண்டைத் திண்டு ஒன்று. அதன்மேல் துளை போட்ட அட்டை, அட்டைமேல் குண்டூசிகள், குண்டூசிகளிலிருந்து நூல் சுற்றிய குச்சிகள் சோடி சோடியாகத் தொங்கின. அது மீஷாவின் பின்னல். அவள் ஊர் வழக்கம் இது: பிள்ளை வெளியூர் போனால் தாய் அவன் பேரைச் சொல்லி முதல் குண்டூசியைக் குத்துவாள். அவன் வாசல்படி ஏறுகிற வரைக்கும் நாடாவின் தலையையும் வாலையும் சேர்க்கமாட்டாள்.

எனக்கென்று உன் அம்மா பழைய சமுக்காளத்தைத் தைத்து வைக்கோல் அடைத்து ஒரு திண்டு செய்து கொடுத்தாள், முனகிக்கொண்டேதான். “புள்ள எங்க கெடக்கான்னு தெரியல. இவரு குச்சி தட்டப் போறாராம்.” அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் கடைத்தெருவில் நடந்தபோது எண்ணெய்ச்செக்கு செல்லமுத்து மாமா கல்லாவிலிருந்தே கத்தினார்.

“என்ன மாப்ள, திண்டைத் தூக்கிக்கிட்டு? கடையில தூங்கறது பத்தலியா?”

“நீளத்துக்குக் காசு வாங்கற வேலை மாமா இது. ஒங்க செக்கு மாதிரி ஒரே எடத்துல சுத்தறதில்ல.”

கேட்டவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வேலை என்னைப் பார்த்துச் சிரித்தது. இருப்பது இரண்டே காரியம். குறுக்கே போடுவது, முறுக்குவது. ஒரு சோடி மட்டும் இடமும் வலமும் மற்ற சோடிகளின் ஊடே போய்ப் போய் வரும். அதற்கு நடக்கிற ஜோடி என்று பேர். மற்றவை நிற்கிற ஜோடி. கேட்கச் சுலபம். என் கை மடியில் காசு முடிகிற கை, எதை எடுத்தாலும் இறுக்கும். நூல் அறுந்தது, குச்சிகள் சடை பிடித்தன, வியர்வையில் வெள்ளை நூல் பழுப்பாயிற்று. முதல் குண்டூசி குத்தும்போது உன் பேரைச் சொல்லச் சொன்னாள். சரக்கு பழகினால் போதும் என்ற நினைப்பில் நானும் உன் பேரைச் சொல்லிவைத்தேன்.

திண்டைக் கடையின் பின்கட்டில் வைத்திருந்தேன். சில நாள் கழித்து ஒன்று கவனித்தேன். நான் விட்ட இடத்தில் பின்னல் இல்லை. நாடா ஒரு வளைவு முன்னால் போயிருந்தது. உன் அம்மாதான் விளையாடுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பெரம்பலூர்ச் சந்தைக்குப் போகிற அன்று குச்சிகள்மேல் சுண்ணாம்புப் பொடி தூவி, பின்கட்டைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினேன். திரும்பி வந்து திறந்து பார்த்தேன். குச்சிகள்மேல் பொடி தூவியபடியே இருந்தது, ஒரு விரல் தடம் இல்லை. நாடா மட்டும் இன்னொரு வளைவு திரும்பியிருந்தது. என் பின்னல் தொளதொள என்றிருக்கும். புதிதாகப் போயிருந்த இடம் நெருக்கமாக, அவசரமாக, மூச்சு வாங்குகிறவன் நடை மாதிரி இருந்தது.

வீராம்மாவிடம் ஓடினேன். அவள் கல் நத்தை ஒன்றைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“உன் மகனுக்கு முடிஞ்சா அவன் நடப்பான். முடியாதப்போ நீ நடத்து. அதுக்குத்தான் கத்துக்கறே.”

அதிலிருந்து தம்பி, நான் கடையைப் பாதி நாள் சாத்தினேன். ஆனாலும் வியாபாரி புத்தி எங்கே போகும்? இந்த நாடா வளையும்போதெல்லாம் முன்னால் போட்ட வளைவைத் தொட்டுக்கொண்டு போகவேண்டும். கொக்கி ஊசியால் பழைய விளிம்பிலிருந்து நூலை இழுத்து, அதன் வழியே குச்சியை நுழைத்து, சேர்த்துக் கட்டவேண்டும். அதுதான் கண்ணைப் பிடுங்குகிற வேலை. அதை விட்டுவிட்டு நேராகப் போனால் ஒரு நாளில் ஒரு முழம் ஏறுகிறதே என்று நேராகப் பின்னித் தள்ளினேன். கெஜக்கோலை வைத்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன். வீராம்மா பார்த்ததும் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்தாள்.

“எங்க அனுப்பறே அவனை? முன்ன போட்ட வளைவுதான் வூடு. அதைத் தொடவே இல்லயே இது!”

“அறுத்துட்டு மறுபடி போடறேன்.”

“அறுக்காதே! வந்த வழியே திரும்பு.”

போட்ட குறுக்கை எடுத்து, முறுக்கிய முறுக்கைத் தளர்த்தி, கடைசிக் குண்டூசியை முதலில் பிடுங்கி, நாடாவையே பின்னாலே நடத்திக்கொண்டு போனேன். பின்னினதைவிடப் பிரிப்பது கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. நீ வந்த பிறகு உன் அம்மாவிடம் சொன்னாயே, மலையில் கூட்டத்தை விட்டு நேர்வழி என்று நினைத்துக் காட்டுக்குள் போய்விட்டேன், எதுவோ சட்டைக்காலரைப் பிடித்துப் பின்னாலே இழுத்தது, என் காலடித் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வந்து ஆற்றங்கரையில் கூட்டத்தைப் பிடித்தேன் என்று. நான் அப்போது சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்த சோற்றுத்தட்டை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். ஏன் என்று நீ கேட்டாய். இதனால்தான். நீ குடும்பம் நடத்தப்போகிறவன், உனக்கும் இது உதவும். தப்பான வழி என்று தெரிந்தால் வெட்டிக்கொண்டு புதிதாகத் தொடங்காதே. போன வழியே திரும்பி வா. நேரம் ஆகும், ஆனால் ஆள் மிஞ்சும்.

மழைக்காலம் பிறக்கிற நேரம் அது. ஒரு நாள் மத்தியானம் போனபோது வீராம்மாவின் திண்டில் நடக்கிற ஜோடி பாதி வரிசையில் நின்றிருந்தது. வீங்கின விரலோடும் அவள் எப்போதும் அதை ஓரத்துக்குக் கொண்டுவந்து குண்டூசி குத்திய பிறகுதான் கை எடுப்பாள். அவள் சொல்லச் சொல்ல நான் குச்சியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். போட்டது போட்டபடி சரிந்து பிரிந்துகொண்டது, ஈர மணலில் கோடு போட்ட மாதிரி. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அவள் அழவில்லை. பள்ளத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதே வாரத்தில் உன்னுடையதும் தள்ளாடத் தொடங்கிற்று. ஒரு வரிசை போனால் ஒரு வரிசை விட்டுப்போகும். நான் கற்றுக்குட்டி. இழுத்தால் சுருங்கிற்று, விட்டால் தொய்ந்தது. திண்டைத் தூக்கிக்கொண்டு மழையில் அவள் வீட்டுக்கு ஓடினேன். தடவிப் பார்த்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“உன்னது தனியா வராது. என்னது இனிமே வராது. சேத்தா ஒண்ணு வரும்.”

“எது வரும்?”

“ஒண்ணு வரும்.”

“என் புள்ளைக்கு என்ன ஆகும்?”

“கனம் கூடும். நடப்பான்.”

எனக்குப் பேரம் தெரியும். எதிராளியின் முகத்தைப் பார்த்தால் எவ்வளவு இறங்குவான் என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு எதிரே இருந்த முகத்தில் இறங்குவதற்குப் படியே இல்லை. என்னை அறியாமல் தோள் துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டேன், மாட்டுச் சந்தையில் விரல் பிடித்து விலை பேசப் போடுகிற மாதிரி. அவளுக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்க நியாயம் இல்லை. ஆனால் துண்டுக்கடியில் அந்த வீங்கின விரல்கள் வந்து என் விரல்களைப் பிடித்துக்கொண்டன. வெகுநேரம் பேசினோம். பேசி முடித்ததும் அவள் தன் திண்டிலிருந்து மீஷாவின் நடக்கிற ஜோடியைப் பிடித்துக் காட்டி அறுக்கச் சொன்னாள். என் கை ஓடவில்லை. அவளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. குனிந்து பல்லால் கடித்தாள். அந்தச் சோடியை உன் நாடாவின் ஓரத்தில் ஒரு குண்டூசியில் மாட்டி, உன் சோடியோடு சேர்த்துப் பின்ன வைத்தாள். நாடா தடித்தது. பிறகு ஓடிற்று.

நீ வந்து இறங்கினாய். உன்னைக் கண்டதும் உன் அம்மா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வழியில் பச்சைக் கண் உள்ள ஒரு வெள்ளைக்காரப் பையன் உன்னோடு ஆற்றங்கரையிலிருந்து நடந்ததையும், பாஷை தெரியாமலே கஞ்சியைப் பங்குபோட்டுக் குடித்ததையும், ஒரு மத்தியானம் அவன் மரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்பதையும் நீ சொன்னாய். அவன் பேர் உனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் உன்னுடைய காலடிச் சத்தத்துக்குள்ளேயே இன்னொரு காலடி கேட்டது என்றாய். காய்ச்சலில் கேட்டது என்று நீயே சமாதானமும் சொல்லிக்கொண்டாய். நான் திருத்தவில்லை.

வந்த சில நாளில் கடை பெஞ்சில் சாப்பிட்டுப் படுத்தவன் தூக்கத்தில் பேசினாய். உன் அம்மா பர்மாப் பேச்சு என்றாள். ரங்கூனில் இருந்து வந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். இது பர்மாப் பேச்சு இல்லை என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் போனார். நான் வண்டி வைத்து வீராம்மாவைக் கூட்டி வந்தேன். நல்ல வெயில். தெருவில் ஜனம் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு பெண்பிள்ளைக்கு ரிப்பன் அளந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அவள் தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். நீ தூக்கத்திலேயே பதில் சொன்னாய். அவள் கேட்டாள், நீ சொன்னாய். ரிப்பனை எத்தனை முழம் அளந்தேன் என்று மறந்துவிட்டேன். அவள் எழுந்து வந்தபோது உன் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா சொல்றான்?”

“பசிக்குதாம்.”

“இப்பத்தான சாப்ட்டான்!”

“இவன் சாப்ட்டான்,” என்றாள் வீராம்மா.

உன் அம்மாவுக்கு அன்றைக்கே எல்லாம் விளங்கிவிட்டது. அவள் பயப்படவில்லை. உலை வைக்கப் போனாள். அதன்பின் இன்றுவரை நம் வீட்டில் உனக்கு ஒரு பிடி கூடவே வைக்கிறாளே, அந்தக் கணக்கு இதுதான். நான்தான் உன்னை அடிக்கடி உற்றுப் பார்ப்பேன். சட்டை மாட்டும்போது எந்தக் கையை முதலில் விடுகிறான், மழை பார்த்தால் ஏன் முகம் மலர்கிறது என்று. என் பிள்ளைதானே நீ என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. பின்கட்டில் அந்தத் திண்டு இன்னும் இருக்கிறது, முடிக்காமலேதான் இருக்கிறது. நீ பெண் பார்க்கக் குரும்பலூர் போய்வந்த அன்று நாடா ஒரு வளைவு போட்டிருந்தது. அழகான வளைவு. உனக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். உன்னோடு வருகிறவனுக்கும் பிடித்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

குரும்பலூர்ப் பெண்ணே, இந்த இடத்தை இரண்டு தரம் படி. இவன் நல்லவன், உழைக்கிறவன், கை நீட்டமாட்டான். மத்தியானத் தூக்கத்தில் பேசுவான். மிரண்டு எழுப்பாதே. இது வேண்டாம் என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடு, எங்களுக்கு வருத்தம் இருக்காது. வேண்டும் என்றால் அன்றைக்குத் துண்டுக்கடியில் நான் ஒப்புக்கொண்ட நிபந்தனை உன்னையும் சேரும். அதனால் அதையும் உங்கள் இரண்டு பேருக்கும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கற்றுக்கொடுத்ததற்கு வீராம்மா கூலி வாங்கமாட்டாள், அந்தப் பின்னலை நான் கெஜம் போட்டு விற்கமாட்டேன். அவள் உயிரோடு இருக்கும்வரை வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மகன் அவள் வீட்டில்தான் சாப்பிட்டுப் படுப்பான். வயசான அம்மாவுக்கு ஒத்தாசை என்று சொல்லி இத்தனை நாள் உன்னை அனுப்பியது இதற்குத்தான், தம்பி. அந்தத் தூக்கத்தில் உன் வாயிலிருந்து வருவதெல்லாம் அவளுக்குச் சொந்தம். என்ன பேசினான் என்று நாங்கள் கேட்கக்கூடாது. அவள் கண்ணை மூடிய பிறகு, மண்ணில் வைப்பதற்கு முன்னால், நீயே உன் கையால் அந்த நாடாவிலிருந்து மீஷாவின் சோடியை வந்த வழியே பிரித்தெடுத்து அவள் கையில் வைக்கவேண்டும். வைத்துவிட்டு வாசலுக்கு வரும்போது நான் உன் பேரைச் சொல்லி ஒரே ஒரு தரம் கூப்பிடுவேன். திரும்பிப் பார்க்கிறவன் எவனோ, அவனை என் மகன் என்று வீட்டுக்குக் கூட்டிப்போவேன். யார் என்று கேட்கமாட்டேன்.